என் மேல் ஒரு பிராது

மாடியில் இரண்டு கட்டில், நான்கு தலையணை, ஆறு போர்வை, மூன்று வாளி, இரண்டு மக்கு, சுவரில் பதினொரு கொக்கி. தங்க வந்தவர்கள் காலி செய்து போனதும் இத்தனையும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. கொக்கியை யார் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்பாள். ஒருவர் பிடுங்கிக்கொண்டு போனார். முன்பு பன்னிரண்டு இருந்தது.

முப்பத்தொரு வருடம் ஒரு பீங்கான் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான். ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி எல்லாம் சூளையிலிருந்து இறங்கியதும் நல்லது எத்தனை, விரிசல் எத்தனை, உடைந்தது எத்தனை என்று பிரித்து எண்ணிக் கணக்கில் ஏற்றுவது என் வேலை. எண்ணாமல் விட்டால் ஏதாவது ஒன்று குறைந்துபோகும் என்கிற பயம் அங்கேதான் என்னைப் பிடித்தது. பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். பயம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மாடியை மகள் குடும்பம் வந்தால் தங்குவதற்காகக் கட்டினோம். அவர்கள் சென்னையிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை வந்தார்கள். மற்ற நாளெல்லாம் மாடி பூட்டிக் கிடந்தது. மாத வாடகைக்கு விட எனக்குத் துணிச்சல் இல்லை. குடிவந்தவன் காலி செய்யமாட்டேன் என்றால் என்ன செய்வது? மகள்தான் சொன்னாள், நாள் வாடகைக்கு விடுங்கள், வருகிறவர்கள் இரண்டு நாளில் போய்விடுவார்கள், உங்களுக்கும் கைச்செலவுக்கு ஆகும் என்று. அவள் அலுவலகத்தில் யாரோ ஏற்காட்டில் அப்படி ஒரு வீட்டை நடத்துகிறார்களாம். "ஹாலிடே ஹோம்னு போடலாம்ப்பா" என்றாள். ஏற்காட்டில் மலை இருக்கிறது, விருத்தாசலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "செராமிக் டவுன்னு போடறேன். அதெல்லாம் மார்க்கெட்டிங். நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று சொன்னவர்கள் யாரும் பிறகு என் பக்கத்தில் இருந்ததில்லை. இன்டர்நெட்டில் அவள் நான்கு போட்டோ போட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். ஒரு போட்டோவில் பெரிய கோயில் கோபுரம் எங்கள் மொட்டைமாடிச் சுவரை ஒட்டி நிற்பது போல இருந்தது. நிஜத்தில் இடையில் ஒரு ரயில் பாதையும் ஒரு மார்க்கெட்டும் உண்டு. இது பொய் இல்லையா என்று போனில் கேட்டேன். லென்ஸ் அப்படி என்றாள்.

முதலில் வந்தது பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகள். லீவுக்கு வந்தவர்கள். செராமிக் டவுன் என்றதும் தெருவெல்லாம் வண்ணத் தட்டுகள் பதித்திருக்கும் என்று நினைத்து வந்திருந்தார்கள். பெரிய கோயிலுக்கு அழைத்துப்போய் ஐந்து கோபுரம், ஐந்து நந்தி, ஐந்து தேர் என்று அங்கே எல்லாமே ஐந்தைந்தாக இருப்பதை எண்ணிக் காட்டினேன். அந்தம்மாவுக்கு மூன்றாவது ஐந்திலேயே கால் வலி வந்துவிட்டது. மறுநாள் தொழிற்பேட்டை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சூளை வெப்பம், களிமண் புழுதி, வேலிக்கு அப்பால் உடைந்த பொம்மைகளின் குவியல். பிள்ளைகள் மட்டும் அந்தக் குவியலிலிருந்து தலைகளாகப் பொறுக்கிப் பை நிறைய எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாளைக்குச் சொல்லியிருந்தவர்கள் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு போன் வரவில்லை. தினமும் மாடியைப் பெருக்கி, விரிப்பை உதறி, குழாயைத் திறந்து மூடிவிட்டு வருவேன். கடைசியில் ஆட்டோ டிரைவர் ஒருவர்தான் வழி சொன்னார். "சார், இந்த ஊருக்கு ஜாலியா இருக்க எவன் வரான்? பிராது கட்ட வரான். அவனப் புடிங்க."

எங்கள் ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே முருகனிடம் பிராது கொடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது போலவே, இன்னார் எனக்கு இன்னது செய்தார், சாமி நீதான் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, வெளியே இருக்கும் வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். வருகிறவரின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ப ஒரு காசும் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடிப்பார் என்பது நம்பிக்கை. சமாதானம் ஆகிவிட்டால் வந்து வாபஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். சேலம், திருவண்ணாமலை, பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வருவார்கள். திங்கள்கிழமை காலையில் கட்ட வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்து தங்க இடம் தேடுவார்கள்.

ஆக, ஒரு நோட்டீஸ் அடித்தேன். பிராது கட்ட வருவோர் குடும்பத்துடன் தங்க வசதியான மாடி வீடு, வெந்நீர் உண்டு, வீட்டுச் சாப்பாடு உண்டு, பிராது எழுதித் தரப்படும். கடைசி வரியைச் சேர்த்தது என் யோசனை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். மகளிடம் சொன்னபோது, சரிப்பா, உங்க இஷ்டம் என்றாள்.

மாடி நிறைய ஆரம்பித்தது. உல்லாசத்துக்கு வருகிறவர்கள் அல்ல, கோபத்தோடு வருகிறவர்கள். சாயங்காலம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுவேன். வரப்பை வெட்டியவன், நகையை அடகு வைத்துத் திருப்பாதவன், மருமகளை விரட்டியவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், "எழுதுங்க சார், கோவம் அடங்கறதுக்குள்ள எழுதிடுங்க" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் குற்றங்களை வரிசைப்படுத்தி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுவேன். வெறுமனே அழுதுகொண்டு வந்தவர்கள் எண் போட்டுப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்லாக் குற்றமும் மூன்றிலிருந்து எட்டுக்குள் அடங்கிவிடும்.

எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது. சந்தின் முனையில் மெயின் ரோட்டைப் பார்த்த பக்கத்து வீடு ஒரு அம்மாவுடையது. அவள் கணவர் என்னோடு அதே கம்பெனியில் சூளையில் இருந்தவர், இறந்து வெகுகாலம் ஆகிறது. என்னை அண்ணா என்பாள், என் மனைவியை அண்ணி என்பாள். அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். புருஷனின் பி.எஃப். பணத்திலிருந்து பெண்ணின் ஸ்காலர்ஷிப் வரைக்கும் அவள் வீட்டு விண்ணப்பங்கள் எல்லாம் என் கையால் எழுதியவை. சந்துக்குள் வழி தெரியாமல் ஆட்கள் அலைகிறார்கள் என்று அவள் மதில் சுவரில் 'தங்கும் வீடு' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்குங்கண்ணா, சொவரு சும்மாதான இருக்குது" என்றாள். பச்சைப் பெயிண்டில் மூன்றடி நீளத்துக்குப் போட்டேன்.

வீட்டுச் சாப்பாடும் அவளுடையதுதான். காலையில் இட்லி, மத்தியானம் குழம்பு சோறு. அவள் சமைக்க, அவள் பெண் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு வந்து மாடியில் வைத்துவிட்டுப் போகும். அந்தப் பெண் டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு நர்சரி ஸ்கூலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கூலுக்குப் போகும் அவசரத்திலும் என்னைப் பார்த்தால் நின்று, "பெரியப்பா, இன்னிக்கி மாடியில யாருக்கு யார் மேல கோவம்?" என்று கேட்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாதிக் கவலை. மீதிக் கவலை அந்த வருடம் தை மாதத்தில் தொடங்கியது.

திட்டக்குடியிலிருந்து பெண்ணைப் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை. பையன், அப்பா, அம்மா, அத்தை, இன்னும் இருவர். ஒன்பது பேருக்குக் கேசரி செய்ததில் மூன்று பேருடையது மிச்சம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனார்கள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, மாசி பிறந்தது. தகவல் இல்லை. அந்த அம்மா வழக்கம்போல் சமைத்து அனுப்பினாள். சாம்பாரில் மட்டும் உப்பு ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் வந்தது.

எனக்குத் தூக்கம் போயிற்று. அவர்கள் வந்த அன்று மாடியில் கேரளாவிலிருந்து ஜாடி வாங்க வந்த வியாபாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். லுங்கியோடு சந்தில் நின்று பல் தேய்த்தார்கள். மதிலில் பச்சை அம்பு. தங்கும் வீடு என்று எழுதியிருக்கும் சுவரைத் தாண்டித்தான் பெண் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அந்த வீடே லாட்ஜ் என்று நினைத்திருப்பார்களோ? மனைவியிடம் கேட்டால், "அவங்க ஆயிரம் ரோசனையில இருப்பாங்க, நீங்க செவனேன்னு இருங்க" என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என்னால் வந்த பழியை நான்தானே துடைக்க வேண்டும்? இன்றைக்கும் அந்த நியாயத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பெண்ணாடம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறித் திட்டக்குடிக்குப் போனேன். அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

பையனின் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மாதான் இருந்தாள். ஆளைப் பார்த்தாலே கெட்டிக்காரி என்று தெரியும். நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். நான் பெண் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று சொல்லி, வந்த விஷயத்தை எடுத்தேன். அந்த அம்பைப் பார்த்துத் தப்பாக நினைக்கக் கூடாது, அது என் மாடிக்குப் போட்டது, பெண் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"எந்த அம்புங்க?"

"மதில்ல... பச்சைப் பெயிண்டுல."

"நாங்க பாக்கலீங்களே. வேன் வாசல்லயே நின்னுது, எறங்கி உள்ள போயிட்டோம்."

என் வாய் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் கௌரவமானவர்கள், பிராது கட்ட வருகிற குடும்பஸ்தர்கள், எப்போதாவது வியாபாரிகள். பெண் சாப்பாடு கொண்டுவந்து வைப்பது சொந்தப் பெரியப்பா வீட்டுக்கு வருவது மாதிரிதான், வைத்துவிட்டு உடனே இறங்கிவிடும், ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நானே பார்த்திருக்கிறேன்.

அந்தம்மா மோர்ச் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "யாருக்குங்க சாப்பாடு கொண்டு போவுது பொண்ணு?"

திரும்ப முதலிலிருந்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பங்காளி வூட்ல ஒரு சாவுங்க. பதினாறு முடியட்டும், அப்பறம் தகவல் சொல்லலாம்னு இருந்தோம். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். வாழைப்பழத்தை உள்ளே எடுத்துப் போனாள். திரும்பி வந்து, "வர்றவங்க ராத்திரியும் தங்குவாங்களா?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தும் வியர்த்தது. அவளுக்குத் தெரியாமல் இருந்தவை எத்தனை, நான் போய்த் தெரிவித்தவை எத்தனை என்று கூட்டிப் பார்த்தேன். அம்பு, மாடி, வியாபாரிகள், கேரியர். நான்கையும் நான்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தம்மா கிணற்றடியில் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை நான்கு அடுக்கையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"யாரக் கேட்டுண்ணா போனீங்க?"

நல்லதுக்குத்தான் என்றேன்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் பேசணும். நானே வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீங்க பஸ் ஏறிப் போயி, அவ யார் யாருக்குச் சோறு கொண்டு போறா, எத்தன நிமிஷம் நிக்கிறான்னு கணக்கு ஒப்பிச்சிட்டு வந்திருக்கீங்க." கேரியரைத் துடைத்து என் முன்னால் வைத்தாள். அது எங்கள் வீட்டுக் கேரியர். "ஒங்க மேல மணவாளநல்லூர்ல பிராது கட்டப்போறேண்ணா. சொல்லாம செய்யமாட்டேன். அதான் சொல்றேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அண்ணா என்பதையும் விடவில்லை.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எதை எழுத வேண்டுமானாலும் என்னிடம்தானே வருவாள்? மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஒங்க மேல எழுதறதுக்கு ஒங்களையே கேப்பாங்களா?" என்று சிரித்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை ஆட்டோ டிரைவர் வந்து சொன்னார். "பக்கத்து வூட்டம்மாவ நான்தான் சார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். தாலுக்கா ஆபீஸாண்ட எழுதி வாங்கிட்டு வந்தாங்க. பிராதுக்குக் காசு ரொம்பக் கம்மி சார். தூரம் கம்மி இல்ல?"

அந்த மாசியிலும் பங்குனியிலும் நான் எழுதிக் கொடுத்த பிராதுகள் ஒன்றும் சரியாக அமையவில்லை. மற்றவர் குற்றத்தை எழுதும்போது என் மேல் எழுதப்பட்டது எப்படி இருக்கும் என்றே மனம் போயிற்று. தாலுக்கா ஆபீஸ் மரத்தடி ஆளுக்குக் குற்றத்தைப் பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டியிருப்பான். நான் எழுதியிருந்தால் ஏழு எண் வரும். கேளாமல் போனது ஒன்று. கேளாததைச் சொன்னது இரண்டு. சுவரைக் கேட்டு வாங்கியது மூன்று. இப்படி. மோட்டார் காயில் எரிந்தபோதும், ஆத்தூரிலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு குடும்பம் வராமல் போனபோதும், மனைவி படியில் சறுக்கி விழுந்தபோதும் விசாரணை தொடங்கிவிட்டது என்றே பட்டது. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நம்பிக்கை இல்லாதவனுக்கும் மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான்.

சாப்பாட்டை ஓட்டலில் வாங்கினோம். தங்க வந்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தப் பெண் சந்தில் போகும்போது நிற்காமல் போயிற்று. பார்க்காமல் போனது என்று சொல்ல முடியாது. பார்க்கும், நிற்காது.

பங்குனிக் கடைசியில் ஒரு போன் வந்தது. "அம்பு போட்ட வூடுதானுங்களே? திட்டக்குடியிலேர்ந்து பேசறேன்." பையனின் அம்மா. அவளும் அவள் நாத்தனாரும் கோயிலுக்கு வருகிறார்களாம். ஒரு ராத்திரி எங்கள் மாடியில் தங்க வேண்டுமாம். வாடகையைக் கொடுத்துவிடுவார்களாம். "சாப்பாடு பக்கத்து வூட்லேர்ந்து வரும்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள்.

கோயிலுக்கு வருகிறவர்கள் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகலாம். எதற்கு வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் மாடிப் பின்பக்க ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றடியும் சமையல்கட்டு வாசலும் முழுசாகத் தெரியும். நாள் வாடகைக்கு விட்ட வீட்டை வேவு பார்க்க எடுக்கிறார்கள். மாட்டேன் என்று சொன்னால் பெண்ணுக்குக் கேடு. சரி என்றாலும் என்ன ஆகுமோ. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

இந்தத் தடவை பஸ் ஏறவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன்: இப்படி போன் வந்தது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை, ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசவில்லை, நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அவள் முறத்திலிருந்து நிமிரவில்லை. பெண் உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தது. அதுதான் பதில் சொன்னது. "வரச் சொல்லுங்க பெரியப்பா. நானே கேரியர எடுத்துட்டு வரேன். ஒளிச்சி வெச்சா தப்பு பண்ணா மாதிரி ஆயிடும்."

அம்மா பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "கேரியரக் குடுத்து அனுப்புங்க" என்றாள்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. விரிப்புகளை இரண்டு தடவை மாற்றினேன். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் போட்டேன், பிறகு அது மூடவே வரவில்லை. பின்பக்க ஜன்னலுக்குத் திரை போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். போட்டால் சந்தேகப்படுவார்கள், சும்மா விடுங்கள் என்றாள். இரண்டு பெண்களும் வந்து பையை வைத்ததும் முதலில் போய் நின்ற இடம் அந்த ஜன்னல்தான்.

மத்தியானம் பெண் கேரியரோடு வந்தது. ஸ்கூலுக்குக் கட்டிக்கொண்டு போகும் சாதாரணப் புடவைதான். நான் தண்ணீர்க் குடத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு மாடி வராந்தாவிலேயே நின்றேன். பெண் இலை போட்டுப் பரிமாறியது. பையனின் அம்மா சாப்பிடாமல் அதையே பார்த்தாள்.

"ஏம்மா, தெனம் இப்பிடி யாரு எவருன்னு தெரியாதவங்களுக்குக் கொண்டாந்து வெக்கிறியே, ஒனக்குப் பயமா இல்ல?"

"வர்றவங்க எல்லாம் யார் மேலயாச்சும் கோவமா வர்றவங்கம்மா. மொதல் நாள் சரியா சாப்புட மாட்டாங்க. மறுநாள் பிராது கட்டிட்டு வந்து ரெண்டு தடவ சோறு வாங்கித் திம்பாங்க. இதுல பயப்பட இன்னா இருக்குது?" ரசத்தை ஊற்றியது. பிறகு தலை நிமிராமலே கேட்டது: "நீங்க யார் மேலம்மா பிராது கட்ட வந்திருக்கீங்க?"

என் கையில் குடம் நழுவப் பார்த்தது. நாத்தனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பையனின் அம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. அன்று ராத்திரி அவர்கள் மாடியில் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் அவர்கள் சந்தில் இறங்கி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வெற்றிலை போட்டிருந்தார்கள். வைகாசியில் தேதி. போகும்போது பையனின் அம்மா மதிலருகே நின்று அம்பைப் பார்த்தாள். "பத்திரிகை குடுக்க சொந்தக்காரங்க வருவாங்க. கல்யாணம் முடியறவரைக்கும் இது வேணாங்க" என்று என்னிடம் சொன்னாள். மாடியா, அம்பா, எது வேண்டாம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

அம்பின் மேல் மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் பச்சை லேசாகத் தெரிந்தது. நான்காவது அடித்தேன். மகளிடம் சொல்லி இன்டர்நெட்டில் இருப்பதை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்றாள், ஆனால் போன் நிற்கவில்லை. யாரோ அதைப் பார்த்து வேறெங்கோ போட்டிருக்கிறார்களாம். கோபுரம் மொட்டைமாடியை ஒட்டி நிற்கிற அதே போட்டோவோடு. இடம் இல்லை, இடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மாடி காலியாகக் கிடக்கும்போதே அப்படிச் சொல்வது ஏதோ களவு மாதிரி இருந்தது. கைச்செலவுக்கு மறுபடியும் மகளை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

பத்திரிகை அடித்து வந்த வாரத்தில் அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கோயிலுக்கு ஒண்ணு எழுதணுண்ணா."

எனக்குப் பாரம் இறங்கியது. பிராது கட்டிய மூன்று மாதம் வைகாசியில், கல்யாணத்தை ஒட்டித்தான் முடிகிறது. அதை நான் எண்ணி வைத்திருந்தேன். வாபஸ் வாங்க வந்திருக்கிறாள். மேலே தேதி போட்டு, சுவாமிக்கு விண்ணப்பம் என்று எழுதி, மனுதாரர் அவள் பெயர், எதிர் மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை என் கையாலேயே எழுதினேன். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்துவிட்டபடியால் என்று ஆரம்பித்து, எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"தீந்துதுன்னு எழுதாதீங்க."

"பின்ன? தேதிதான் வெச்சாச்சே."

"தேதி வெச்சிட்டா தீந்துடுமா? வேவு பாத்துப் பொண்ணு எடுக்கறவங்க. எம் பொண்ணு போயி அங்க எப்பிடி இருக்குதுன்னு பாக்காம நான் எப்பிடிண்ணா தீந்துதுன்னு சொல்லுவேன்? நாளைக்கே ஒரு பேச்சு வந்தா, மாடிக்குச் சோறு தூக்கினவதானன்னு கேக்கமாட்டாங்களா? அத அவங்க வாயில போட்டது யாரு?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வாய்தா கேட்டு எழுதுங்க" என்றாள். "சாமி இப்ப விசாரிக்க வேணாம். கல்யாண வாரத்துல ஒங்களுக்கு எதாச்சும் ஆயிட்டா பந்தியில யாரு எல எண்ணுவாங்க? ஆடி வரைக்கும் தள்ளி வெக்கச் சொல்லி எழுதுங்க."

எழுதினேன். என் மேல் உள்ள வழக்கை ஒத்திவைக்கும்படி அவளுக்காக நான் மன்றாடி எழுதிய அந்தத் தாளில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது. அதைக் கோயிலில் ஏற்றுக்கொண்டார்களா, வழக்கம் உண்டா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கட்டிவிட்டு வந்தேன் என்றாள்.

கல்யாணத்தில் இலை நான்தான் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு விழுந்தது. பெண் கிளம்பும்போது, "பெரியப்பா, திட்டக்குடிக்குப் பழம் வாங்கிட்டு வந்துடாதீங்க" என்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்துவந்தார்கள். சந்துக்குள் ஆட்டோ திரும்பும்போதே பார்த்துவிட்டேன். இளைத்திருந்தது. வேலைக்கு அனுப்புகிறார்களா என்று என் மனைவி கேட்டதற்கு, இன்னும் இல்லை பெரியம்மா, பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க என்றது. மாமியார் எப்படி என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்காங்க என்றது. எங்களைப் பார்த்து நின்றுதான் பேசியது. மாடியில் யாருக்கு யார் மேல் கோபம் என்று மட்டும் கேட்கவில்லை. அதன் அம்மா படலைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இந்தத் தடவை அவள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. மேலே தேதி போட்டு, சுவாமிக்கு இரண்டாவது வாய்தா விண்ணப்பம் என்று எழுதிவிட்டு, எந்த மாதம் வரைக்கும் என்று எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.